தெருவில் காதில் விழுவது: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

அண்மையில் நண்பர்கள் சிலர் சேர்ந்து ஒலிநடை போனோம். ஃபோனைப் பையில் போட்டுவிட்டு, யாரும் யாரோடும் பேசாமல் நகரத்தின் நடுவே மெதுவாக நடப்போம். அங்கங்கே நின்று, காதில் விழுவதையும் அது எப்படி இருக்கிறது என்பதையும் குறித்துக்கொள்வோம். 1970களில் கனடாவில் மர்ரே ஷேஃபர் என்ற இசையமைப்பாளரும் அவருடைய குழுவும் பழக்கத்துக்குக் கொண்டுவந்த முறை இது.

இரண்டு இடங்கள் மனதில் நின்றுவிட்டன. ஒன்று, பெரிய சாலையை ஒட்டிய சின்னப் பூங்காவில் நீரூற்றுப் பக்கத்து பெஞ்ச். இன்னொன்று, உயரமான கட்டடங்களுக்குப் பின்னால் போகும் சந்து. அங்கே ஆள் நடமாட்டமே இல்லை, மேலே வரிசையாக ஏசி எந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. டெசிபல் மீட்டர் வைத்திருந்த நண்பர் இரண்டையும் அளந்தார். நீரூற்றுப் பக்கம்தான் கிட்டத்தட்ட பத்து டெசிபல் அதிகம். பத்து டெசிபல் கூடினால் நம் காதுக்குச் சத்தம் ஏறக்குறைய இரு மடங்காகத் தெரியும் என்பார்கள். ஆனாலும் எல்லோரும் பெஞ்சை 'அமைதியான இடம்' என்றே எழுதியிருந்தோம். சந்தில் நிற்க யாருக்கும் மனமில்லை, ஒருவருக்குத் தலைவலியே வந்துவிட்டது.

தண்ணீர்ச் சத்தத்தில் எல்லாச் சுருதியும் கலந்திருக்கும். எந்த ஒன்றும் தனியாகத் துருத்திக்கொண்டு வராது. வண்டிச் சத்தத்தை அது முழுதும் மறைக்காவிட்டாலும் கவனத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. 1967இல் நியூயார்க்கில் திறந்த பேலி பார்க்கில் இதைத் தெரிந்தேதான் செய்தார்கள். கட்டடங்களுக்கு நடுவே ஒடுங்கிய இடம், பின்சுவர் முழுக்க இருபது அடி உயரத்துக்கு அருவி. அது போடும் சத்தம் கொஞ்சநஞ்சமல்ல, ஆனால் மனிதர்கள் அங்கே இளைப்பாறத்தான் போகிறார்கள்.

ஏசி எந்திரத்தின் 'ம்ம்ம்' வேறு ரகம். ஒரே சுருதி, எப்போது நிற்கும் என்று தெரியாது, நிறுத்தச் சொல்ல எதிரில் ஆளும் கிடையாது. பொதுவாக மீட்டரில் பார்க்கும் அளவு இப்படிப்பட்ட அடிச்சுருதிக்குக் குறைந்த மதிப்பே கொடுக்கிறது. நெஞ்சில் உணர்வது எண்ணில் முழுதாக வருவதில்லை.

உங்களுக்கு இப்படி நடந்ததுண்டா? எழுதுங்கள்.

*

எனக்குப் பார்வை கிடையாது. திரைவாசிப்பான் வழியாகத்தான் உங்கள் பதிவைக் கேட்டேன். நீங்கள் ஒலியை ரசிக்கப் போகிறீர்கள். எனக்குத் தெரு என்பதே ஒலியால்தான் ஆனது.

பிரம்பைத் தட்டிக்கொண்டு நடக்கும்போது பக்கத்தில் சுவர் இருந்தால் தட்டல் நெருங்கித் திரும்பி வரும். சுவர் முடிந்து சந்து பிரியும் இடத்தில் அந்தப் பக்கம் சட்டென்று விரிந்துவிடும், முகத்தில் காற்று படுவதற்கு முன்பே காது சொல்லிவிடும். சாலையைக் கடக்க, எனக்கு இணையாக நிற்கும் வண்டிகள் ஒன்றாகக் கிளம்பும் உறுமலுக்குக் காத்திருப்பேன். அதுதான் எனக்குப் பச்சை விளக்கு. மழை பெய்யும்போது நிறுத்தியிருக்கும் காரின் கூரையில் ஒரு சத்தம், இலையில் ஒன்று, தகரத்தில் ஒன்று. எங்கே என்ன இருக்கிறது என்று மொத்தத் தெருவும் வடிவத்தோடு தெரியும். மழை விட்ட பிறகுதான் தொல்லை. ஈரச் சாலையில் டயர்கள் எழுப்பும் 'ஸ்ஸ்ஸ்' எல்லாத் தூரத்தையும் ஒன்றாக்கிவிடும்.

சாலையை உடைக்கும் டிரில் ஓடினால் பிரம்பின் தட்டல், வண்டியின் வேகம், ஆட்களின் காலடி எதுவும் கிடைக்காது. அசையாமல் நின்றுவிடுவேன். யாராவது வந்து "எங்கே போகணும்?" என்று கேட்பார்கள், அதுவும் பாதிதான் காதில் விழும்.

எதிர்ப்பக்க ஆபத்தும் உண்டு. மின்சாரக் கார் மெதுவாக வரும்போது வருவதே தெரியாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2019 ஜூலையிலிருந்து புதிய மாடல்களும், 2021 ஜூலையிலிருந்து புதிதாக விற்கும் எல்லா மின்சாரக் கார்களும் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகம் வரை எச்சரிக்கை ஒலி எழுப்பியாக வேண்டும். 'தெருவில் சத்தமே கூடாது' என்று கேட்கும் நண்பர்கள் எங்களையும் கொஞ்சம் நினைக்க வேண்டும்.

*

நான் இரண்டு காதிலும் மெஷின் போட்டிருக்கிறேன். சுருக்கமாகச் சொல்கிறேன். உங்கள் காது வேண்டியதை எடுத்துக்கொண்டு மற்றதை ஒதுக்கிவிடும். என் மெஷினும் அதற்கு முயல்கிறது, ஆனால் வெளியிடத்தில் தோற்றுப்போகிறது. கொஞ்சம் காற்று அடித்தால் போதும், மைக்கில் மோதிப் புயலாகிவிடும். பேருந்து பிரேக்கின் கீச்சொலி ஊசியாக இறங்கும். கூட நடப்பவர் சாலையோரத்தில் தன்னையறியாமல் குரலை உயர்த்துவார். லோம்பார் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1911இலேயே இதை எழுதிவைத்துவிட்டார். எனக்கு அவர் கத்துவதால் பயனில்லை. முகம் பார்த்து நிதானமாகப் பேசினால் போதும்.

*

விடியலில் நடப்பவன் நான். 2020 ஊரடங்கில் "பறவைகள் இவ்வளவு சத்தமாகப் பாடுகின்றனவே" என்று எங்கள் வீட்டில் எல்லோரும் வியந்தோம். பிறகுதான் படித்தேன்: சான் ஃபிரான்சிஸ்கோவில் வெண்தலைச் சிட்டுகளின் பாட்டைப் பதிவு செய்து பார்த்தால், அந்த மாதங்களில் அவை முன்பைவிட மெல்லத்தான் பாடியிருக்கின்றன. வண்டிச் சத்தம் அடங்கியதால் மெல்லிய பாட்டும் தொலைவுவரை எட்டியது. அதுவரை பாவம், அவை நம்மோடு போட்டி போட்டுக் கத்திக்கொண்டிருந்திருக்கின்றன.

*

இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை, தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 'எவ்வளவு சத்தம் என்பதல்ல, எப்படிக் கேட்கிறோம் என்பதுதான்' என்று நாம் பேசிக்கொண்டே போனால், அதையே பிடித்துக்கொண்டு "போகப் போகப் பழகிடும்" என்று சொல்ல ஆட்கள் தயாராக இருக்கிறார்கள். நான் அதைப் புகார் கொடுத்த இடத்திலேயே கேட்டவள்.

நாங்கள் இருப்பது மேம்பாலத்தை ஒட்டிய வீடு. பாலத்தின் இணைப்பில் லாரி ஏறும்போது 'தடக்', பின்சக்கரம் ஏறும்போது இன்னொரு 'தடக்'. காலி லாரி என்றால் கூடவே இரும்பெல்லாம் கலகலக்கும். ஜன்னல் கண்ணாடியில் விரலை வைத்தால் அதிர்வு தெரியும். பழகியதா என்றால், இரவில் விழிப்பது குறைந்தது உண்மை. காலையில் எழும்போது உடம்பு அடித்துப்போட்ட மாதிரி இருப்பது குறையவில்லை. கண் விழிக்காவிட்டாலும் தூக்கத்தில் இதயத் துடிப்பு ஒவ்வொரு சத்தத்துக்கும் துள்ளும் என்று மருத்துவர் விளக்கினார்.

நியூயார்க்கில் ரயில் பாலத்தை ஒட்டிய ஒரு பள்ளியை ஆர்லின் பிரான்சாஃப்ட் என்ற உளவியலாளர் ஆராய்ந்து 1975இல் எழுதினார். தண்டவாளப் பக்க வகுப்பில் படித்த பிள்ளைகள், அதே பள்ளியின் மறுபக்கத்துப் பிள்ளைகளைவிட வாசிப்பில் பின்தங்கியிருந்தார்கள். தண்டவாளத்துக்கு அடியில் ரப்பர் வைத்து, வகுப்புக் கூரையில் ஒலியை உறிஞ்சும் பலகை பதித்த பிறகு அந்த வித்தியாசம் மறைந்தது. பிள்ளைகளைப் பழகச் சொல்லி அங்கே யாரும் விட்டுவிடவில்லை, தண்டவாளத்தைச் சரிசெய்தார்கள்.

*

தொடங்கியவன் எழுதுகிறேன். அக்கா, நீங்கள் எழுதியதுதான் இங்கே அவசியம் வர வேண்டியது. அளவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2018இல் ஐரோப்பாவுக்கு வெளியிட்ட பரிந்துரையில் சாலைச் சத்தத்துக்கு நாள் முழுவதற்குமான சராசரி 53 டெசிபல், இரவில் 45. விமானத்துக்கு அதைவிடக் குறைவு: 45, இரவில் 40. ஒரே அளவு சத்தத்தில் விமானம் மக்களை அதிகம் தொல்லைப்படுத்துகிறது என்று தெரிந்ததால் வரம்பும் இறங்கியது. அதாவது எப்படிக் கேட்கிறோம் என்பது எண்ணைத் தளர்த்துவதற்கான சாக்கு அல்ல, பல இடங்களில் எண்ணை இறுக்கச் சொல்கிறது.

இன்னொன்று. கிளாஸ், சிங்கர் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் ஒழுங்கில்லாமல் வெடிக்கும் சத்தத்தை இரு குழுக்களுக்குக் கேட்கவைத்தார்கள். ஒரு குழுவிடம் மட்டும் ஒரு பட்டனைக் காட்டி, தாங்காவிட்டால் அழுத்துங்கள், நின்றுவிடும் என்றார்கள். பெரும்பாலோர் அதைத் தொடவே இல்லை. ஆனாலும் பிறகு கொடுத்த வேலைகளை அவர்களே நன்றாகச் செய்தார்கள். நிறுத்த முடியும் என்ற நினைப்புக்கே அவ்வளவு பலம்.

அடுத்த ஒலிநடையை உங்கள் பக்கம் வைத்துக்கொள்ளலாமா? பிரம்போடு நடக்கும் நண்பர் சம்மதித்தால் வழியை அவரே தேர்ந்தெடுக்கட்டும்.

*

வாருங்கள் தம்பி. இரவு பதினொரு மணிக்கு மேல் வாருங்கள். தரை குளிர்ந்து மேலே சூடான காற்று நிற்கும் இரவுகளில் ஒலி கீழ்நோக்கி வளைந்து வெகுதூரம் ஓடும், பகலில் கேட்காத லாரிகூட அப்போது கேட்கும். மீட்டரை மொட்டைமாடியில் வைக்காதீர்கள், படுக்கையறை ஜன்னலில் வையுங்கள். நீங்கள் எல்லோரும் எழுதிக்கொள்ளும் தாளில் ஒரு கேள்வியையும் சேருங்கள்: 'இந்தச் சத்தம் பிடிக்காவிட்டால் இங்கிருந்து எழுந்து போக உங்களால் முடியுமா?' பூங்கா பெஞ்சிலும் கேளுங்கள், எங்கள் வீட்டிலும் கேளுங்கள்.