இறந்தவர்கள் எதை நினைவில் வைத்திருக்கிறார்கள்? உங்கள் அனுபவம்

மார்த்தாண்டத்துக்காரர்:
அம்மா போன பிறகு வந்த இரண்டாவது ஆடி அமாவாசை. குழித்துறை ஆற்றங்கரையில் வாவுபலி இட உட்கார்ந்திருந்தேன். எள், பச்சரிசி, தர்ப்பை எல்லாம் இலையில் தயார். இறந்தவர் பெயரைச் சொல்லச் சொன்னார்கள். சொன்னதும் கை நின்றுவிட்டது. எந்த அம்மாவைக் கூப்பிடுகிறேன்?

கடைசி மூன்று ஆண்டுகள் அவருக்கு மறதி நோய். தன் பெயரே தெரியாது. என்னைத் தன் அண்ணன் என்று நினைத்து, பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போகச் சொல்லி அழுவார். ஆனால் மரச்சீனிக் கிழங்கைக் கையில் கொடுத்தால் தோல் உரிப்பதில் ஒரு பிழை இருக்காது. நினைவு எட்டும் தூரம்வரைதான் ஒருவர் அதே ஆள் என்று ஆங்கிலத் தத்துவவாதி ஜான் லாக் 1694இல் எழுதினார். அப்படியானால் நாங்கள் சோறூட்டிய அந்த மூன்று ஆண்டும் அம்மா வீட்டில் இல்லை என்றாகிறது. எனக்கு அதை ஏற்க மனமில்லை.

இறந்தவர் வந்து பேசியதையோ, சாவின் வாசல்வரை போய்த் திரும்பியவரையோ கண்டவர்கள் எழுதுங்கள். தத்துவம் நானே படித்துக்கொள்கிறேன்.

நாகர்கோவில் செவிலியர்:
மாரடைப்பில் இதயம் நின்று, மார்பை அழுத்தி மீட்கப்பட்ட ஒருவர் மறுநாள் என்னிடம் சொன்னது: பாட்டி முந்திரி வறுத்துக்கொண்டிருந்தாராம். "அவள் யாரென்று தெரிந்தது சிஸ்டர், நான் யாரென்றுதான் தெரியவில்லை. தெரியாதது கஷ்டமாகவும் இல்லை."

மூளைக்கு ஆக்சிஜன் குறைந்தால் இப்படித் தோன்றும் என்பார்கள். இருக்கலாம். ஆனால் நெதர்லாந்தில் இதயம் நின்று மீண்ட 344 பேரிடம் விசாரித்து 2001இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்ட ஆய்வில், 62 பேர்தான் இப்படி ஏதோ கண்டதாகச் சொன்னார்கள். எல்லோருக்கும்தானே இதயம் நின்றது? மற்றவர்கள் ஏன் எதுவும் சொல்லவில்லை என்பதுதான் என்னை அதிகம் குடைகிறது.

தக்கலைப் பக்கத்து ஆள்:
எங்கள் குடும்பத்தில் ஒரு வாதை உண்டு, வெட்டுப்பட்டோ அகாலமாகவோ இறந்து தெய்வமாக நின்ற ஆவியை அப்படிச் சொல்வோம். பாட்டாவின் சித்தப்பா, வரப்புத் தகராறில் வெட்டுப்பட்டு இறந்தவர். தோட்டத்து மூலையில் சிறு பீடம் கட்டி ஆண்டுதோறும் கொடை விழா கொடுக்கிறோம். கோமரத்தாடி, அதாவது சாமியாடுகிறவர், என் சித்தப்பா. மற்ற நாட்களில் ரப்பர் பால் வெட்டுகிறவர், அதிகம் பேசமாட்டார். வில்லுப்பாட்டில் வெட்டுப்படும் இடம் வந்து, வில்லை அடிக்கும் வீசுகோல் வேகம் பிடித்ததும் உடல் உதறும், கமுகம்பூவை வாங்கிக்கொள்வார், குரல் மாறும், "என்னை" என்று பேசத் தொடங்குவார். முடிந்த பிறகு கேட்டால் ஒன்றும் நினைவில்லை என்பார்.

எங்கள் கதை ஒரே ஒரு வில்லுப்பாட்டுப் புலவருக்குத்தான் தெரியும். அவர் இறந்த ஆண்டு புதுக்குழு வந்து சுடலைமாடன் கதையை மட்டும் பாடியது. வாதை வரவில்லை. சித்தப்பா நள்ளிரவுவரை நின்று பார்த்துவிட்டுப் படுக்கப் போய்விட்டார். அத்தை அழுததை முதல்முறையாகப் பார்த்தேன்.

அடுத்த ஆண்டு அத்தையிடம் கேட்டுக் கேட்டு நானே கதையை எழுதிக் குழுவிடம் கொடுத்தேன். வாதை வந்தது. "பலாமரத்தடியில் என்னைச் சாய்த்தார்கள்" என்று சித்தப்பா அலறியபோது எனக்கு உடல் சிலிர்த்தது.

விடிந்ததும் அத்தை மெதுவாகச் சொன்னார், அது பலா இல்லையாம், அயனி மரமாம். நான்தான் தவறாக எழுதியிருக்கிறேன்.

அப்படியானால் அன்று பேசியது யார்? என் பிழை எப்படி இறந்தவரின் நினைவானது? சித்தப்பா நடித்தார் என்று சொல்லிவிடலாம், எளிது. நாற்பது ஆண்டுகள் அவரோடு ஒரே வீட்டில் இருந்தவன் அப்படிச் சொல்லமாட்டேன். அத்தைக்கு இது ஒரு சிக்கலாகவே தெரியவில்லை. "செத்தவனுக்கு மரமா பெரிது? கூப்பிட்டோம், வந்தான்."

அகத்தீஸ்வரம் வாசகி:
சுவாமிதோப்புப் பக்கம் வளர்ந்தவள் நான். 1833இல் திருச்செந்தூர்க் கடலுக்குள் போன முத்துக்குட்டி மூன்றாம் நாள் அய்யா வைகுண்டராக வெளிவந்தார் என்பதும், கரையில் காத்திருந்த தாயிடம் தாம் இனி அவர் மகன் இல்லை என்று சொன்னார் என்பதும் அய்யாவழி நம்பிக்கை. சிறுவயதில் கேட்கும்போதெல்லாம் அந்தத் தாயை நினைத்துத்தான் எனக்குத் துக்கமாக இருக்கும். மார்த்தாண்டத்து அண்ணாச்சி எழுதியதைப் படித்ததும் அதே துக்கம் திரும்ப வந்தது.

மார்த்தாண்டத்துக்காரர்:
அகத்தீஸ்வரத்து அம்மா, சரியாகப் பிடித்துவிட்டீர்கள். பிண்டத்தோடு இந்த முறை ஒரு துண்டு மரச்சீனியும் வைத்தேன். பலி இடுவித்தவர் முறைத்தார், பரவாயில்லை. தக்கலைக்காரரிடம் ஒரு கேள்வி: பாட்டில் அயனி என்று திருத்திவிட்டீர்களா?

தக்கலைப் பக்கத்து ஆள்:
இல்லை. திருத்தினால் வாதை பொய் சொன்னதாகிவிடும் என்று அத்தை தடுத்துவிட்டார். பீடத்துக்குப் பக்கத்தில் ஒரு பலாக்கன்று நட்டிருக்கிறார்.