எடை தூக்கினால் சுகர் ஏறுகிறதே!

டைப் 2 சர்க்கரை நோய் வந்து சில வருஷம் ஆகிறது. மெட்ஃபார்மின் மாத்திரை மட்டும்தான். சாப்பிட்டதும் நடப்பது பழகிவிட்டது. நடந்துவிட்டுக் குத்திப் பார்த்தால் சுகர் இறங்கியிருக்கும், அதைப் பார்ப்பதில் ஒரு அல்ப சந்தோஷம். "நடை மட்டும் போதாது, வாரத்துக்கு ரெண்டு மூணு நாள் தசைக்கும் வேலை கொடுங்க" என்று டாக்டர் சொன்னதால் ஜிம்மில் சேர்ந்தேன். அங்கேதான் குழப்பம். உள்ளே நுழையும்போது 128. ஸ்குவாட், டெட்லிஃப்ட் எல்லாம் முடித்து, வியர்வையைத் துடைத்துக்கொண்டு பார்த்தால் 169! விரலில் ஏதாவது ஒட்டியிருக்குமோ என்று கையைக் கழுவிவிட்டு இன்னொரு ஸ்ட்ரிப்பைச் செலவழித்தேன். அதே கதைதான்.

டாக்டரிடம் கேட்டேன். மூச்சைப் பிடித்துப் பாரம் தூக்கும்போது அட்ரினலின் சுரக்கும், உடனே கல்லீரல் தன் கையிருப்பில் உள்ள குளுக்கோஸை ரத்தத்தில் இறக்கிவிடும், தசையால் அந்த வேகத்துக்கு எடுத்துக்கொள்ள முடியாது, அவ்வளவுதான் என்றார். கொஞ்ச நேரத்தில் தானாக இறங்கும். இப்போது எடைப் பயிற்சி முடிந்ததும் ட்ரெட்மில்லில் நிதானமாகக் கொஞ்சம் நடக்கிறேன், இன்னும் சீக்கிரம் இறங்குகிறது. இப்படி ஒரு நம்பரைப் பார்த்துப் பயந்து ஜிம்மையே விட்டவர்களை எனக்குத் தெரியும், அதனால்தான் எழுதுகிறேன். உங்களுக்கும் இப்படி ஆகிறதா?

---

எனக்கு நேர்மாறு. டைப் 1, இன்சுலின். சாயங்காலம் ஃபுட்பால் ஆடி முடித்தபோது 140, நிம்மதியாகப் படுத்தேன். நடுராத்திரி பனியன் தொப்பலாக நனைந்து, கை நடுங்கி எழுந்தால் 58. பதினைந்து கிராம் கணக்குக்குக் குளுக்கோஸ் மாத்திரையை மென்றுவிட்டுப் பதினைந்து நிமிஷம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். அந்தப் பதினைந்து நிமிஷம் இருக்கிறதே, கண்ணில் பட்டதையெல்லாம் வாரித் தின்னச் சொல்லும்! ஆட்டத்தில் தீர்ந்துபோன கையிருப்பை நிரப்பிக்கொள்ள, தசை ராத்திரி முழுக்கக் குளுக்கோஸை இழுத்துக்கொண்டே இருக்குமாம். ஆடுகிற நாளுக்கென்று டாக்டர் இரவு டோஸைக் குறைத்துக் கொடுத்திருக்கிறார். தொடையில் ஊசி போட்டுவிட்டு ஓடினால் மருந்து சீக்கிரம் ஏறிவிடும் என்பதால் அன்றைக்கு வயிற்றில்தான். 250-க்கு மேல் இருந்து, கீட்டோனும் (இன்சுலின் போதாமல் உடம்பு கொழுப்பை எரிக்கும்போது ரத்தத்தில் சேரும் அமிலம்) காட்டினால் மைதானத்துப் பக்கமே போவதில்லை.

---

மெட்ஃபார்மின் மட்டும் என்றால் லோ சுகர் பயம் பெரும்பாலும் இல்லை, கொடுத்துவைத்தவர். நான் கிளிமிபிரைடு சாப்பிடுகிறேன், இன்சுலினைச் சுரக்கவைக்கும் மாத்திரை, சுகரை ரொம்பவே இறக்கிவிடலாம், அதனால் பாக்கெட்டில் குளுக்கோஸ் இல்லாமல் வாக்கிங் கிளம்புவதில்லை. ஆனால் என் தலைவலி சுகர் அல்ல, பாதம். மரத்துப்போன கால். ஒரு நாள் நடந்து முடித்து ஷூவைக் கழற்றினால் சாக்ஸில் ரத்தம். உள்ளே பொடிக்கல் ஒன்று. நடந்த அவ்வளவு நேரமும் ஒன்றுமே உறைக்கவில்லை. அந்தப் புண் ஆற மாதக்கணக்கானது. இப்போதெல்லாம் ஷூவைக் கவிழ்த்துத் தட்டி, உள்ளே கைவிட்டுத் தடவிப் பார்த்த பிறகுதான் போடுகிறேன். திரும்பி வந்ததும் உள்ளங்காலைக் கண்ணாடியில் பார்த்துவிடுவேன்.

டெட்லிஃப்ட் செய்கிறவருக்கு ஒரு கேள்வி: கண் பார்த்தீர்களா? விழித்திரையில் புது ரத்தக்குழாய்கள் கிளம்பியிருப்பதால், மூச்சடக்கிப் பாரம் தூக்கினால் உள்ளே ரத்தம் கசியலாம் என்று கண் டாக்டர் எனக்குத் தடை போட்டுவிட்டார்.

---

கடைசியாகப் பார்த்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. நல்லவேளை கேட்டீர்கள். பார்க்கும்வரை லேசான டம்பெல்லோடு நிறுத்திக்கொள்கிறேன்.