எம்பதி: வெர்னன் லீக்கு 'ஒத்துணர்வு' ஒத்துவருமா?

மடல் 1

குழுவினருக்கு வணக்கம்.

வெர்னன் லீ என்ற புனைபெயரில் எழுதிய ஆங்கில எழுத்தாளர் வயலட் பேஜெட்டின் (1856–1935) அழகியல் எழுத்தைத் தமிழாக்கும்போது ஒரே ஒரு சொல் திரும்பத் திரும்ப இடறுகிறது: எம்பதி (empathy). அடுத்தவர் உணர்வைத் தானும் உணர்தல் என்றே இன்று அதைப் புரிந்துகொள்கிறோம். 1913இல் வந்த 'தி பியூட்டிஃபுல்' என்ற சிறு நூலில் இதற்கென்றே தனி இயல் வைத்திருக்கிறார். நம்மிடம் ஒத்துணர்வு, பரிவு, பிறர்நிலை உணர்தல் எல்லாம் இருக்கின்றன. செவிலியர் பயிற்சிக்கும் உளவள ஆலோசனைக்கும் அவை போதும். லீ பேசுவது மனிதரைப் பற்றியே அல்ல. "மலை எழுகிறது" என்கிறோம். கல்லும் மண்ணும் கிடந்த இடத்தில் கிடக்க, எழுவது எது என்பதுதான் அவர் கேள்வி. "மலையோடு ஒத்துணர்ந்தேன்" என்று போட்டால், மலைக்கு என்ன கஷ்டம் என்று வாசகர் கேட்பார்.

பச்சாதாபத்தை யாரும் முன்மொழிய வேண்டாம். அது மூலத்தில் செய்த தவறுக்குப் பின்னால் வருந்துவது.

மடல் 2

நல்ல கேள்வி. சொல் தேடுமுன் பொருளை வரையறுத்துக்கொள்வோம்.

ஐன்ஃப்யூலுங் (உள்ளே புகுந்து உணர்தல்) என்ற ஜெர்மன் சொல்லை 1873இல் ராபர்ட் ஃபிஷர் வடிவங்களைக் காண்பது பற்றிய ஆய்வில் ஆண்டார். அதைப் பெரிய கோட்பாடாக்கியவர் ஜெர்மன் தத்துவ அறிஞர் தியோடர் லிப்ஸ். 1909இல் உளவியலாளர் டிட்செனர் அதை ஆங்கிலத்தில் எம்பதி என்றார். ஆகப் பிறக்கும்போது இது கலைப்பொருளைப் பார்க்கும் கண்ணுக்கான சொல். அடுத்தவர் துயரம் பிற்பாடுதான் உள்ளே வந்தது.

லீயின் விளக்கம் இப்படிப் போகிறது. மலையைப் பார்க்கக் கண்ணை உயர்த்துகிறோம், தலையும் நிமிர்கிறது. அந்த உயர்த்தல் வெறும் கரு. இதுவரை எழுந்தது, ஏறியது, தூக்கியது, இனி எழப்போவது எல்லாம் அதைச் சுற்றித் திரண்டு 'எழுதல்' என்ற பொதுக்கருத்தாகிறது. நம் கவனம் முழுக்க மலையின் வடிவத்தில் இருப்பதால், அந்த எழுதல் நம்முடையது என்று படுவதில்லை. மலையுடையதாகிவிடுகிறது.

மடல் 3

அப்படியானால் தொல்காப்பியரின் 'மெய்ப்பாடு' ஏன் ஆகாது? செய்யுளியலில் 'உய்த்துணர்வு இன்றி' என்றே சொல்கிறார். யோசித்துச் செய்வதில்லை என்ற கூறு அதிலேயே இருக்கிறது.

தவிர, லீயும் அவர் தோழி கிளமென்டினா ஆன்ஸ்ட்ரதர்-தாம்சனும் சேர்ந்து 1897இல் 'கன்டெம்பரரி ரிவ்யூ'வில் எழுதிய 'பியூட்டி அண்ட் அக்லினஸ்' முழுக்க உடம்புதான். ஒரு நாற்காலியைப் பார்க்கும்போது என்ன நடக்கிறது என்று கிளமென்டினா குறிக்கிறார்: இரண்டு கண்ணும் தரையில் இரண்டு காலையும் தொட்டு இருபக்கமும் ஒருசேர மேலேறுகின்றன, நாற்காலியின் அகலம் கண்களை விலக்கி இழுப்பதுபோல் இருக்கிறது, உச்சிக்குப் போனதும் இரண்டும் நடுவை நோக்கிக் கூடுகின்றன. மூச்சும் கூடவே போகிறது. அடியில் தொடங்கி மார்பின் இருபுறமும் உயர்ந்து, பார்வையை விலக்கியதும் வெளியே வருகிறது. ஜாடியைப் பார்த்தால் அதன் அடிப்பாகத்துக்குப் பாதம் தரையை அழுத்துகிறது, விளிம்புக்குத் தலையில் லேசான பாரம் இறங்குகிறது.

மடல் 4

ஐயா, மெய்ப்பாட்டின் திசை வேறு. உள்ளே இருக்கும் நகையும் அழுகையும் உடம்பில் வெளிப்பட்டு அடுத்தவர் கண்ணுக்குத் தெரிவது அது. இங்கே உடம்பில் நடப்பது பார்ப்பவருக்கே தெரியாமல் பொருளின் குணமாகிவிடுகிறது. லீயும் 1897இன் தசைக் கணக்கில் நிற்கவில்லை. லிப்ஸின் கண்டனத்துக்குப் பிறகு, அசைவு பற்றிய மனப்பதிவே போதும் என்ற பக்கம் நகர்ந்தார்.

என் முன்மொழிவு: தன்னுணர்வேற்றம். தற்குறிப்பேற்ற அணியை எல்லோரும் பள்ளியிலேயே படித்திருக்கிறோம். மதுரை மதில்மேல் கொடி காற்றில் அசைகிறது. இளங்கோ அதை 'வாரல்' என்று கைகாட்டித் தடுப்பதாக ஆக்குகிறார். அதே ஏற்றம்தான் இது.

மடல் 5

> என் முன்மொழிவு: தன்னுணர்வேற்றம்

பாதி சரி அம்மா. 'தன்' என்பதுதான் சிக்கல். லீ அந்த இயலில் எச்சரிப்பதே இதைத்தான்: ஜெர்மன் வினைச்சொல் 'தன்னை உட்செலுத்தி உணர்தல்' என்ற வடிவில் இருப்பதால், ஏதோ 'நான்' என்பது கிளம்பிப்போய் மலைக்குள் புகுந்துகொள்வதாகப் பலர் நினைத்துவிட்டார்கள் என்கிறார். அவர் கணக்கில் 'நான்' என்ற நினைப்பு அந்த நேரத்துக்கு அடங்கியிருந்தால்தான் இது நடக்கும். 'தன்' போட்டால் அவர் மறுக்கும் கொள்கையையே அவர் வாயில் திணிக்கிறோம்.

'ஏற்றம்' என்பதிலும் ஒரு சிக்கல். ஏற்றுதல் பிறவினை, ஏற்றுகிறவர் ஒருவர் வேண்டும். இளங்கோவுக்குப் பொருந்தும், அவர் தெரிந்தே செய்கிறார். மலையைப் பார்ப்பவர் எதையும் ஏற்றவில்லை. துணியில் சாயம் ஏறுகிறது, நாரில் பூவின் மணம் ஏறுகிறது. அந்தத் தன்வினைதான் வேண்டும். உணர்வேறல் என்று வைக்கலாமா?

மடல் 6

'வெறி ஏறியது', 'போதை ஏறியது' மாதிரி கேட்கிறதே! அரசியல் மேடையில் உணர்வேறிய கூட்டம் என்று படித்துவிடுவார்கள்.

இன்னொன்று. லீயின் கதைகளுக்கும் இதே சொல்லா? 'ஹான்டிங்ஸ்' (1890) தொகுப்பில் வரும் ஆலிஸ் ஓக், 17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த தன் பெயரே கொண்ட முன்னோர் ஒருத்தியின் உடையை எடுத்து அணிந்து, அவளாகவே ஆகிவிடப் பார்க்கிறாள். அது எம்பதி ஆகாதா?

மடல் 7

கதையை முதலில் முடித்துவிடுகிறேன். ஆலிஸ் ஓக்குக்கு 'ஒன்றிப்போதல்' போதும். அவள் பிடித்துக்கொள்வது ஒரு ஆளை, லீயின் எம்பதி பிடித்துக்கொள்வது வடிவத்தை. 'மிஸ் பிரௌன்' (1884) நாவலிலும் இந்தச் சொல்லுக்கு வேலையில்லை. ஓவியனும் கவிஞனுமான ஹாம்லின், ஆன் பிரௌன் என்ற பெண்ணைத் தன் அழகுக் கனவுக்கு ஏற்ற சிலையாகச் செதுக்கப் பார்ப்பது எம்பதிக்கு நேர் எதிர். அங்கே 'நான்' அடங்கவே இல்லை.

போதை விஷயத்தை வேற்றுமை உருபே பார்த்துக்கொள்ளும். போதை ஆளுக்கு ஏறும்: "அவனுக்கு ஏறியது". சாயம் பொருளில் ஏறும்: "துணியில் ஏறியது". ஆகவே நான்காம் வேற்றுமை கூடாது, ஏழாவதோடு மட்டும் ஆள்வது என்று சொற்பட்டியலில் ஒரு வரி சேர்த்துவிடலாம். ஓட்டிப் பார்த்தேன்:

"மலையின் கோட்டில் நம் எழுதல் ஏறிவிடுகிறது, இதையே உணர்வேறல் என்கிறோம்."

பெயரெச்சமும் தடையில்லாமல் வருகிறது: உணர்வேறிய கோடு, உணர்வேறாத வடிவம். ஒத்துணர்வு உளவியல் பக்கம் அப்படியே இருக்கட்டும்.

மடல் 1 எழுதியவருக்கு ஒரு குறிப்பு: 1897 கட்டுரையையும் உங்கள் தமிழாக்கத்தில் சேர்ப்பதானால் அங்கே உணர்வேறல் போடாதீர்கள். டிட்செனர் அந்த ஆங்கிலச் சொல்லை உருவாக்க இன்னும் 12 ஆண்டு இருந்தது. நாற்காலியும் மூச்சும் என்று அவர்கள் எழுதியபடியே விட்டுவிடுங்கள்.