ஜாவா மலைக்காட்டு ஊருல ஒன்றரை வருசம்: இருந்து வந்தவங்க யாராவது சொல்லுங்க

ஊத்துப் பையன்:

எல்லாருக்கும் வணக்கம். நான் பிறந்தது மாஞ்சோலை மலையில ஊத்துத் தேயிலை எஸ்டேட் லைன் வீட்டுல. இப்போ குடும்பத்தோட கல்லிடைக்குறிச்சியில வாடகைக்கு இருக்கோம். பாளையங்கோட்டையில எம்.எஸ்சி. விலங்கியல் முடிச்சேன். மூணு வருசமா காக்காச்சி, கோதையாறு பக்கம் சிங்கவால் குரங்கு ஆராய்ச்சிக்கு வாறவங்களோட உதவியாளா போயிட்டிருக்கேன்.

இப்போ இந்தோனேசியாவுல, மேற்கு ஜாவாவில ஹாலிமுன் மலைக்காட்டுல ஒரு வேலை வந்திருக்கு. கிப்பன்ங்கிற வாலில்லாக் குரங்குக் கூட்டத்துக்குப் பின்னாலயே போயி குறிப்பெடுக்கணும். பதினெட்டு மாசம். காட்டுக்குள்ள இருக்கிற ஊருல ஒரு குடும்பத்தோட தங்கணுமாம். ஊரைச் சுத்தி தேயிலைத் தோட்டம்னு சொல்லுதாங்க.

அம்மாவுக்கு மனசே இல்லை. "இப்பத்தான் ஒரு மலையை விட்டு இறங்கி வந்திருக்கோம், மறுபடி இன்னொரு மலைக்காலே?"ன்னு கேக்காங்க.

எனக்கு ரெண்டு கேள்வி. சாப்பாடு, மழை, ஆஸ்பத்திரி எல்லாம் எப்படி? ரெண்டாவது, அந்த ஊர்ப் பிள்ளைகள் அங்கேயே இருக்காங்களா, கீழே இறங்கிப் போயிருதாங்களா? மலையில ஒரு ஊர் நிலைச்சு நிக்க முடியுமான்னு தெரிஞ்சுக்க ஆசை. எங்க லைன்ல இப்போ விளக்கு எரியிற வீட்டை விரல் விட்டு எண்ணிரலாம்.

காக்காச்சி மழை:

தம்பி, நானும் நம்ம மாஞ்சோலை மலையில முப்பத்தொரு வருசம் கொழுந்து எடை போட்டவன்தான். அட்டைக்கடியும் ஈர விறகும் உனக்குப் புதுசு இல்லை, போயிட்டு வா. இந்த வயசுல போகாம எப்போ போவ?

ஆனா உன் ரெண்டாவது கேள்விக்கு எனக்கும் பதில் வேணும். சிங்கம்பட்டி ஜமீன்ல இருந்து 1929ல தோட்டக் கம்பெனி எடுத்தது 8,374 ஏக்கர், 99 வருசக் குத்தகை. 2028ல முடியும்னு எல்லாருக்கும் தெரியும். தெரிஞ்சும் மூணு தலைமுறை அங்கேயே பெத்து வளத்தோம். கொல்லையில வச்ச கொய்யா மரம்கூட நம்ம பேருல கிடையாது. ஜாவா மலையில சனங்க கதை என்ன? புலிக் காப்பகம் மாதிரி அங்கேயும் ஏதாவது உண்டுமா?

தேரிக்காட்டு மக:

தம்பி, நான் 2014 கடைசியில இருந்து 2016 கடைசி வரைக்கும் அதே மலையில இருந்தேன். காட்டுல இருந்து சனங்க என்னென்ன கீரை, கிழங்கு, மருந்து எடுக்காங்கன்னு எழுதுற வேலை. சொந்த ஊர் திசையன்விளைப் பக்கம். உன் பதிவைப் படிச்சதுல இருந்து கை பரபரங்குது, கொஞ்சம் நீளமாத்தான் எழுதுவேன்.

முதல்ல அம்மாகிட்ட சொல்லு, சோத்துக்குக் குறை இல்லை. மூணு நேரமும் அரிசிச் சோறு. கூட பச்சைக் கீரையும் கொழுந்து இலையும் மிளகாய்த் துவையலும். கருவாடு கட்டாயம் உண்டு, பொரிச்சு வைப்பாங்க. சோயாவைப் புளிக்க வச்ச தெம்பே தினமும் இருக்கும். புளி போட்டு 'சாயுர் ஆசெம்'னு காய்கறிச் சாறு ஒண்ணு வைப்பாங்க. நம்ம ரசத்துக்கு ஏங்கின நாளெல்லாம் அதைக் குடிச்சுத்தான் ஆத்திக்கிட்டேன். மழையைப் பத்தி ஊத்துல பிறந்தவனுக்கு நான் சொல்ல வேண்டாம். வருசத்துக்கு 4000 மில்லிமீட்டருக்குக் குறையாது. துணி காயாது, அடுப்புக்கு மேல கொடி கட்டித்தான் காயப்போடணும்.

ஊருக்குள்ள ஒரு மருத்துவச்சி உண்டு, படிச்சவங்க. அதுக்கு மேல ஏதாவதுன்னா கல்லு ரோட்டுல மோட்டார் சைக்கிள்ல பின்னால உக்காந்து கீழே இறங்கணும். பெரிய ஆஸ்பத்திரிக்கு லெவிலியாங் போகணும். மழைக்காலத்துல ரோடு சரிஞ்சா அதுவும் இல்லை. 2020 ஜனவரி 1 அன்னைக்குப் பெய்த மழையில நங்குங், சுகாஜாயா பக்கம் மலையே இறங்கினது. அன்னைக்கு நான் இங்கே இருந்தேன். அங்கே நான் தங்கியிருந்த வீட்டுக்கு போன் போட்டுப் போட்டு லைன் கிடைக்கல. மூணாம் நாள்தான் பேசினாங்க. அதனால உன்னைக் கூப்பிடுறவங்ககிட்ட இன்சூரன்ஸ் உண்டா, அவசரத்துக்கு வண்டி யாரு தருவான்னு எழுத்துல வாங்கு. சுற்றுலா விசாவுல வான்னு சொன்னா போகாதே. ஆராய்ச்சிக்கு அந்த நாட்டு அரசாங்க அனுமதி தனி, பூங்காவுக்குள்ள நுழையிறதுக்கு அனுமதி தனி. ரெண்டும் வேணும்.

இனி உன் ரெண்டாவது கேள்வி.

நான் தங்கின வீட்டுப் பெரியவரை அபான்னு கூப்பிடுவோம். அங்கே தாத்தா முறைக்கு அப்படித்தான். அவர் ஆரென் மரம் ஏறுறவர். ஆரென்னா பனை சாதி, ஆனா மட்டை தென்னை மாதிரி நீண்டு இருக்கும், அடிமரம் முழுக்கக் கருப்பு நார். எங்க அப்பா பனையேறி. அதனால முதல் நாளே அவர் பின்னால போயிட்டேன். நம்ம ஊர்ல ஆண் பனையில பாளையைக் கடிப்பு வச்சு நசுக்கிப் பக்குவப்படுத்துவாங்க இல்லையா, அங்கே மரச்சுத்தியலால பாளைக் காம்பைத் தட்டுதாங்க. அடிக்கிற மாதிரி இல்லை, பிள்ளை முதுகுல தட்டுற மாதிரி. தட்டிட்டு அதைப் பிடிச்சு ஆட்டுவார். நாள் கணக்கா, வாரக் கணக்கா இதையே செய்யணும். தட்டும்போது மரத்தோட பேசிக்கிட்டே இருப்பார். அதுக்கப்புறம்தான் அறுப்பு. ஒத்தை மூங்கில்ல கால் வைக்க ஓட்டை போட்டு, அதுதான் ஏணி. சாறு சேகரிக்கக் கலயம் கிடையாது, ஆள் உசரத்துக்கு மூங்கில் குழாய். தோள்ல சாத்திக்கிட்டு காலையும் சாயங்காலமும் இறங்குவார். சாறு புளிக்காம இருக்க நாம சுண்ணாம்பு தடவுவோம், அவங்க மங்குஸ்தான் இலையோ தோலோ போடுதாங்க.

காய்ச்சுற இடத்துல எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. பொங்கி வரும்போது எங்க அம்மா ஆமணக்கு முத்தைத் தட்டிப் போடுவாங்க. அங்கே அபா வீட்டம்மா வேற ஒரு எண்ணெய்க் கொட்டையை, கெமிரின்னு பேரு, நசுக்கிப் போட்டாங்க. நுரை அப்படியே அடங்கினது. பதம் பாக்க ஒரு சொட்டைத் தண்ணியில விட்டு விரலால உருட்டினாங்க. ஊத்துறது சிரட்டையில. கடல் தாண்டிப் போயி எங்க வீட்டு வேலையையே பாத்தேன்.

ஆனா ஒரு வித்தியாசம். பனை நமக்குத் தலைமுறை தலைமுறையா நிக்கும். ஆரென் அப்படி இல்லை. உச்சியில இருந்து கீழ்நோக்கிப் பாளை விட்டுக்கிட்டே வந்து, கடைசிப் பாளையோட மரமும் போயிரும். புது மரத்தை யாரும் நடுறது கிடையாது. மரநாய் பழத்தைத் தின்னுட்டுப் போடுற கொட்டைதான் முளைக்கும். காட்டுல மரநாய் இருந்தாத்தான் இவங்களுக்குச் சக்கரை. காய்ச்ச விறகும் அந்தக் காட்டுல இருந்துதான்.

இதுல பிள்ளைகள் எங்கேன்னு கேட்டியே. அபாவுக்கு மூணு பேர். மூத்தவர் பொங்கோர் பக்கம் தங்கக் குழிக்குப் போயிட்டார். அனுமதி இல்லாம சுரங்கம் தோண்டுற வேலை. கல்லை அரைச்சுப் பாதரசம் சேத்து, துணியில பிழிஞ்சு, நெருப்புல காட்டித் தங்கம் எடுப்பாங்க. அந்தப் புகை நேரே நெஞ்சுக்குள்ள போகும். ஒரு தடவை ஊருக்கு வந்தப்போ பாத்தேன், முப்பத்தஞ்சு வயசுல டம்ளர் பிடிக்கிற கை நடுங்குச்சு. ரெண்டாவது பொண்ணு கீழே மேல்நிலைப் பள்ளி முடிச்சு தொகுப்பூதிய வாத்தியார். சம்பளம் கேட்டா நம்ம பிள்ளைகளை நினைச்சு வருத்தமாத்தான் இருக்கும். கடைசிப் பையன் வாடகை மோட்டார் சைக்கிள் ஓட்டுனான். மரம் யாரும் ஏறல. எங்க அப்பா விழுந்து இடுப்பு போன பிறகு எங்க அண்ணன்மார் ரெண்டு பேரும் ஏறல, ஒருத்தன் மும்பை, ஒருத்தன் சென்னை, மளிகைக் கடை. அபாகிட்ட இதைச் சொன்னப்போ ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல.

ஆனாலும் அந்த ஊர் காலியாகல. ஏன்னு சொல்லுதேன். அங்கே ரெண்டு வகை வீடு இருக்கு. தேயிலைத் தோட்டத்து வீட்டுல இருக்கிறவங்க உங்க லைன் மாதிரிதான்: கொழுந்து பறிச்சாக் கூலி, வேலை நின்னா வீடும் இல்லை. ஓடையைத் தாண்டினா படிப்படியா வயல். அந்த வீட்டுக்காரங்க தங்கள் சோத்துக்குத் தாங்களே நெல் போடுறவங்க. சக்கரை விலை பாதியா விழுந்தாலும் பானையில அரிசி இருக்கும். போன பிள்ளை திரும்பி வந்தா உக்கார ஒரு இடம் இருக்கும். ரெண்டு வகைக்கும் ஒரே மழை, ஒரே பள்ளிக்கூடம், ஒரே ரோடு. தோட்டத்து வீட்டுப் பிள்ளைகள் போனா திரும்பறது இல்லை. வயல் வீட்டுப் பிள்ளைகள் போறாங்க, வாறாங்க. அந்தக் கடைசிப் பையன் திரும்பி வந்து சக்கரையைக் கட்டியா விக்காம பொடியாக் கிளறி, அதை அங்கே எறும்புச் சக்கரைம்பாங்க, பொட்டலம் போட்டு போகோர் டவுனுக்குக் கொண்டு போக ஆரம்பிச்சான். கட்டியை விடப் பொடிக்கு விலை அதிகம்.

காக்காச்சி மழை:

நீ சொன்ன அந்த ஓடையை நான் இங்கே இருந்தே பாத்துட்டேம்மா. ஆனா அந்த வயலுக்குப் பட்டா உண்டுமா? பூங்காக்காரங்க விடுதாங்களா?

தேரிக்காட்டு மக:

நல்லா கேட்டீங்க அண்ணாச்சி. நம்ம பக்கம் களக்காடு முண்டந்துறை 1988ல காப்பகம் ஆனது. அங்கே ஹாலிமுன் 1992ல தேசியப் பூங்கா ஆனது. 2003ல சாலாக் மலையையும் சேத்து 1,13,357 ஹெக்டேரா பெருக்கினாங்க. அப்படிப் பெருக்கும்போது ஏற்கெனவே ஊரும் வயலும் இருந்த இடமெல்லாம் கோட்டுக்குள்ள வந்திருச்சு. தாத்தா காலத்து வயல்ல நிக்கிறவன் ராத்திரியோட ராத்திரியா காட்டுக்குள்ள நுழைஞ்சவன் ஆயிட்டான். அபா வயலும் கோட்டுக்குள்ளதான். வரப்புல பூங்கா எல்லைக் கல்லு நட்டிருக்கும், அதுல அருவாளைத் தீட்டுவார்.

2013 மே மாசம் அவங்க அரசியல் சாசன நீதிமன்றம் ஒரு தீர்ப்பு குடுத்தது. பாரம்பரியச் சமூகத்தோட காடு அரசாங்கக் காடு ஆகாதுன்னு. 2016 டிசம்பர்ல முதல் தவணையா ஒன்பது சமூகங்களுக்கு அப்படிக் காட்டை எழுதிக் குடுத்தாங்க. அதுல ஒண்ணு இதே மலைத்தொடர்ல லெபாக் பக்கம் இருக்கிற கசெபுஹான் காராங்ங்கிற சமூகம். நான் கிளம்புற வாரம் அந்தச் செய்தி வந்தது. நான் தங்கின ஊர்ல டீக்கடையில அதே பேச்சு. தங்களுக்கு எப்போன்னு யாருக்கும் தெரியல, ஆனா கேக்கலாம்னு தெரிஞ்சிருச்சு. நம்ம நாட்டுலயும் 2006ல வன உரிமைச் சட்டம் வந்தது, காரையாறு காணிப் பழங்குடிக்காரங்களுக்கு அதைச் சொல்லிக் கேக்க வழி உண்டு. தோட்டத்துக்குக் கூலிக்கு வந்தவங்களுக்கு அந்த வழி லேசுல பொருந்தாது. அது எனக்கு இன்னைக்கும் ஆறாத மனசு.

இன்னொண்ணு, 2015ல இருந்து அங்கே ஊராட்சிக்கு நேரடியாப் பணம் வருது. ஓடையில சின்ன டர்பைன் வச்சு கரண்ட் எடுக்கிற ஊரும் உண்டு. தெற்குப் பக்கம் சிப்தாகெலார்னு ஒரு ஊர், முடிஞ்சா போயிட்டு வா தம்பி. வருசத்துக்கு ஒரு போகம்தான். நெல்லை விக்கவே கூடாதுன்னு கட்டுப்பாடு. கதிரைத் தாளோட கட்டி, கூரை போட்ட மரக் குதிர்கள்ல அடுக்கி வச்சிருப்பாங்க. ஊர்ல மனுசர் வீட்டுக்குச் சமமா நெல்லு வீடு நிக்கும். அறுப்புத் திருவிழா அன்னைக்கு நீளத் தொட்டி மாதிரி மர உரல்ல பொம்பளைங்க வரிசையா நின்னு உலக்கை போடுவாங்க. எங்க ஆச்சி குத்துற சத்தம் அப்படியே கேட்டது.

ஊத்துப் பையன்:

அக்கா, படிச்சு முடிச்சிட்டு அம்மாவுக்கும் வாசிச்சுக் காட்டினேன். கருவாடு வந்த இடத்துல முகம் கொஞ்சம் தெளிஞ்சது. போறதுன்னே முடிவு பண்ணிட்டேன். மொழி எப்படி சமாளிச்சீங்க? போகும்போது என்ன கொண்டு போகணும்?

தேரிக்காட்டு மக:

சந்தோசம் தம்பி. ஊருக்குள்ள பேசுறது சுண்டா மொழி. இந்தோனேசிய மொழியும் எல்லாருக்கும் தெரியும், அதை முதல்ல படி. கப்பலுக்கு கபால், கடைக்கு கெடாய், பெட்டிக்கு பெத்தி. நம்ம கப்பல்காரங்க விட்டுட்டு வந்த சொல்லு நிறைய கிடக்கு. ஆள் முன்னால குறுக்கே போகும்போது கொஞ்சம் குனிஞ்சு 'புந்தென்'னு சொல்லு. இந்த ஒரு சொல்லுக்கே ஊர் உன்னைப் பிள்ளையா எடுத்துக்கும். விடியக்காலம் கிப்பன் குரல் எழும்பும், பாடுறது பெரும்பாலும் பெண் குரங்குதான். முதல் நாள் குறிப்பேட்டை எடுக்காம சும்மா நின்னு கேளு.

ரெண்டு சோடி ரப்பர் பூட்ஸ், ஒரு தார்ப்பாய். மத்தது அங்கேயே கிடைக்கும்.

அப்புறம் உடன்குடி கருப்பட்டி ரெண்டு கிலோ வாங்கிக்கோ, சுக்கு போடாத சில்லு. எந்த வீட்டுல தங்கினாலும் அங்கே சக்கரை காய்ச்சுறவர் ஒருத்தர் இருப்பார், அவர்கிட்ட குடு. நான் குடுத்தப்போ அபா ஒரு துண்டை வாயில போட்டு, கண்ணை மூடிக்கிட்டு, இது என்ன விறகுன்னுதான் முதல்ல கேட்டார். உன்கிட்டயும் கேப்பாங்க. உடைமரம்னு சொல்லு.