ராயபுரம் கட்டுரையைப் படித்துத் திருத்தம் சொல்வீர்களா?

எல்லாருக்கும் வணக்கம். ராயபுரம் ரயில் நிலையத்தைப் பற்றி எட்டுப் பக்கம் எழுதி வைத்திருக்கிறேன். யாராவது படித்துக் குறை சொல்ல முடியுமா?

போன மாதம் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு, எழுதி முடித்த கையோடு தெரு வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டேன். காலையில் பார்த்தால், 1856-இல் ஆற்காட்டுப் பக்கம் கிளம்பிய முதல் ரயிலை 1865-இல் கிளப்பியிருக்கிறேன்! ரயில்வேயில் ஓய்வு பெற்ற எதிர்வீட்டுத் தாத்தா, "ஒன்பது வருஷம் லேட்டா? அப்போ நம்ம வண்டிதான்" என்று சிரித்தார். மானம் போயிற்று.

அப்புறம் இரண்டு வாரம் அதைத் தொடவே இல்லை. பிறகு பிரிண்ட் எடுத்து, மொட்டை மாடியில் வாய்விட்டுப் படித்தேன். கண்ணுக்குத் தப்பியதெல்லாம் நாக்கில் இடறியது. ஒரே பத்தியில் நாலு 'மேலும்'. 'ரயிலை பார்த்தேன்' என்று ஒற்று விட்டுப்போன இடங்கள் வேறு. முதல் பக்கத்தை அப்படியே தூக்கிவிட்டேன். வெறும் தொண்டைச் செருமல் அது.

இன்னும் இரண்டு சந்தேகம். காசிமேட்டு மீனவர்கள் பேசுவதை அவர்கள் பேசுகிறபடியே விட்டிருக்கிறேன், வெளியூர்க்காரர்களுக்குப் புரியுமா? எந்த இடத்தில் அலுப்புத் தட்டுகிறது? அங்கே பென்சிலால் ஒரு கோடு போட்டாலே போதும். 'சூப்பர்' மட்டும் வேண்டாம்.

வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை பக்கம் என்றால் தாளை நானே கொண்டுவந்து தருகிறேன். அவசரமில்லை, பொங்கல் கழித்துச் சொன்னாலும் சரி.