பேய்மின் இருக்கட்டும், முதலில் ஐடிலுக்கு ஒரு சொல்

ஐயா, வணக்கம். கணினிச் சொற்களுக்குத் தமிழ் தேடும் நம் பேச்சில் நீங்கள் இப்படிக் கேட்டிருந்தீர்கள்:

> அணைத்த பிறகும் பிளக்கில் இருப்பதாலேயே கணினி இழுக்கும் மின்சாரத்தை ஆங்கிலத்தில் வாம்பயர் பவர் என்கிறார்கள். நாம் "பேய்மின்" என்று வைத்துக்கொள்ளலாமா?

சொல் கேட்டவுடனே பிடித்துப்போனது. அதுதான் எனக்குப் பயம். இப்படிப் பளிச்சென்று ஒரு பெயர் கிடைத்தால் எல்லோரும் அந்தப் பேயைத்தான் துரத்துவார்கள், பணம் போவதோ வேறு வழியில்.

பிளக்கில் மாட்டி அளக்கும் வாட் மீட்டரை என் மேசைக் கணினியில் வைத்துப் பார்த்தேன். அணைத்திருக்கும்போது ஏறக்குறைய 1 வாட். ஸ்லீப்பில் 3. எந்த வேலையும் செய்யாமல், டெஸ்க்டாப் படத்தைக் காட்டிக்கொண்டு சும்மா ஓடும்போது திரையோடு சேர்த்து 80. மாதம் முழுக்க அந்த 1 வாட் ஓடினாலும் முக்கால் யூனிட் கூட ஆகாது (ஒரு யூனிட் என்பது ஆயிரம் வாட் ஒரு மணி நேரம்). 80 வாட்டோ, தினமும் 8 மணி நேரம் ஆளில்லாமல் ஓடினாலே மாதத்துக்கு 19 யூனிட்டைத் தாண்டுகிறது. ஆக, பேய் தின்பது பருக்கை, சோற்றுப் பானையே அந்தப் பக்கம் கவிழ்ந்து கிடக்கிறது. அந்தப் பக்கத்துக்குத்தான், அதாவது ஐடிலுக்கு, இன்னும் நம்மிடம் ஒரே சொல்லாக எதுவும் நிலைக்கவில்லை. ஒருவர் "செயலற்ற" என்கிறார், ஒருவர் "வேலையற்ற" என்கிறார். செயலற்ற என்றால் படிப்பவர் அணைந்துவிட்டதாகவே எடுத்துக்கொள்வார், செலவு இருப்பதே தெரியாது.

சொல் தப்பினால் என்ன ஆகும் என்பதை என் சித்தப்பா வீட்டில் பார்த்தேன். ஸ்கிரீன் சேவரை யாரோ "திரை சேமிப்பான்" என்று சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள், அவரும் மின்சாரத்தைச் சேமிக்கத்தான் அது என்று நம்பி, இரவெல்லாம் மீன்தொட்டி ஒன்றைத் திரையில் நீந்தவிட்டு நிம்மதியாகத் தூங்கினார். பழைய குழாய்த் திரைகளில் ஒரே படம் நின்றால் தடம் பதிந்துவிடும் என்பதற்காக வந்த ஏற்பாடு அது. திரை எரிந்துகொண்டேதான் இருக்கும், அசையும் படம் என்றால் கிராபிக்ஸ் அட்டைக்கும் வேலை கூடும். திரைக்காப்பு என்ற சொல்லில் இந்தக் குழப்பம் வராது.

என் முன்மொழிவு: ஐடிலுக்கு வெற்றோட்டம். ஸ்லீப்புக்குத் துயில் போதும், நினைவகத்துக்கு மட்டும் மின்சாரம் போய்க்கொண்டிருக்கும், விசையைத் தொட்டால் விழித்துக்கொள்ளும். ஹைபர்னேட்டைக் குளிர்கால உறக்கம் என்று மொழிபெயர்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை. நினைவகத்தில் இருப்பதை வட்டில் எழுதிவிட்டு இயந்திரம் அணைந்தே போகிறது, உறக்கம் எங்கே வந்தது? "பதிந்தணைப்பு" என்றால் நடப்பதை அப்படியே சொல்கிறது.

---

தம்பிக்கு,

கணக்கு சரி. பேய்மினைப் பாதி திரும்பப் பெறுகிறேன். பாதிதான், ஏனென்றால் ஸ்பீக்கர், பிரிண்டர், ரூட்டர், சார்ஜர் என்று மேசைக்கடியில் ஒரு கூட்டமே செருகிக் கிடக்கிறது, ஒவ்வொன்றும் இழுப்பது கொஞ்சம்தான் என்றாலும் சேர்த்தால் கவனிக்க வேண்டிய தொகைதான். அதற்கு "ஓய்வுமின்" என்று அடக்கமாக வைப்போம். கசிவு மின்சாரம் என்று மட்டும் யாரும் எழுத வேண்டாம், ஷாக் அடிக்கும் கசிவுக்கு அந்தச் சொல் ஏற்கெனவே போய்விட்டது.

பதிந்தணைப்பு நன்றாக இருக்கிறது. ஆனால் வெற்றோட்டம் தேறாது. வீட்டில் சத்தமாகப் படித்துக் காட்டினேன், மகள் "வெற்றி ஓட்டமா, யார் ஜெயித்தது?" என்று கேட்டாள். நீங்களே மேலே "சும்மா ஓடும்போது" என்று எழுதியிருக்கிறீர்களே, அதையே எடுத்துக்கொண்டால் என்ன? சும்மாநிலை.

---

ஐயா,

முதலில் சிரிப்புத்தான் வந்தது, கலைச்சொல்லில் சும்மாவா என்று. அப்புறம் யோசித்தால் இதற்குக் கைகொட்டிச் சிரிக்க ஒன்றுமில்லை. சும்மா இருக்கிறவன் செத்துப்போய்விடவில்லை, விழித்துத்தான் இருக்கிறான், சாப்பாடும் கேட்கிறான். செயலற்ற என்பதில் இல்லாதது அதுதான். விளக்கம் தேடி யாரும் அகராதியைப் புரட்டவும் வேண்டாம்.

ஒரே ஒரு சந்தேகம், பெயரடையாக எப்படி நிற்கும் என்று. அதனால் அமைப்புகள் பக்கத்தில் வருகிற வரிகளில் போட்டுப் பார்த்தேன்:

"10 நிமிடம் சும்மாநிலையில் இருந்தால் திரையை அணை."
"20 நிமிடம் சும்மாநிலையில் இருந்தால் துயிலச் செய்."
"சும்மாநிலை மின்செலவு: 80 வாட்."

மூன்றும் இடறாமல் ஓடுகின்றன. சித்தப்பாவுக்கும் அனுப்பினேன், மீன்தொட்டியை எடுத்துவிட்டாராம்.