வெனிஸ் லீடோ தீவுல இருக்கிற புல்தரை ஏர்போர்ட் – போய்ப் பாக்கலாமா?

ஊர்சுத்தி:
வணக்கம். அடுத்த மாசம் குடும்பத்தோட வெனிஸ் போறோம். மேப்ல லீடோ தீவைப் பாத்தா வடக்கு ஓரமா நிச்செல்லினு ஒரு ஏர்போர்ட் இருக்கு, ரன்வே முழுக்க புல்லு, நிக்கிறது எல்லாம் குட்டி குட்டி விமானம், ஆனா டெர்மினல் மட்டும் போட்டோல பயங்கர அம்சமா இருக்கு. இதுக்கு எதுக்குங்க அவ்ளோ பெரிய கட்டடம்? மிலிட்டரி இடமா இருந்துச்சுன்னு வேற சொல்றாங்க.

பழையவரலாறு:
ஆமாங்க, முதல் உலகப்போர்ல அது ஃபைட்டர் விமானத் தளம். ஆட்ரியாட்டிக் கடலோட எதிர்க்கரைல ட்ரியெஸ்ட், போலானு ரெண்டு துறைமுக ஊரும் அப்ப ஆஸ்திரியா-ஹங்கேரி கைல இருந்துச்சு, அங்கேருந்து கடலைத் தாண்டி வந்து குண்டு போட்டுட்டுப் போயிடுவாங்க. 1915 அக்டோபர்ல ஸ்கால்சி சர்ச் மேல விழுந்த குண்டுல தியெப்போலோ வரைஞ்ச கூரை ஓவியமே போச்சு, நினைச்சாலே வயிறு எரியுது. சுத்தியும் தண்ணியா இருக்கிற ஊர்ல விமானம் இறங்க லீடோவை விட்டா வேற தட்டையான இடம் ஏது, அதான் ஃப்ரெஞ்சு பைலட்டுங்களும் இங்க வந்து தங்கி காவல் காத்தாங்க. ஜோவான்னி நிச்செல்லிங்கிறது அந்தப் போர்ல 8 எதிரி விமானத்தை வீழ்த்தின இத்தாலிய பைலட் பேரு. 1918 மே மாசம் அவர் ஓட்டின நியூபோர்ட் விமானம் வானத்துலயே உடைஞ்சு இறந்துட்டார்.

டெயில்வீல்:
கட்டடம் 1930கள்ல வந்தது. 1926லயே ட்ரான்ஸ்அட்ரியாட்டிகா கம்பெனி யுங்கர்ஸ் விமானத்துல ரோம்-வெனிஸ் சர்வீஸ் ஆரம்பிச்சாச்சு, வெனிஸ் வர்றவங்களுக்கு அப்ப இதுதான் மெயின் ஏர்போர்ட். 1934 ஜூன்ல ஹிட்லர் முசோலினியை முதல் தடவை சந்திக்க வந்து இறங்கினதும் இங்கதான். அப்புறம் விமானம் பெருசாச்சு, நீளமான ரன்வே வேணும், ஒல்லியான தீவுல எங்க போய் நீட்டுறது? 60கள் தொடக்கத்துல தீவுக்கு வெளிய, மெயின்லேண்ட் கரைல இருக்கிற டெசேரால மார்க்கோ போலோ ஏர்போர்ட் வந்ததும் கூட்டம் அங்க போயிடுச்சு. நீட்ட முடியாததாலதான் சுமார் 1000 மீட்டர் புல் ரன்வேயும் பழைய டெர்மினலும் அப்படியே தப்பிச்சுது, எனக்கு அதுல அவ்ளோ சந்தோஷம்.

ஊர்சுத்தி:
ஹிட்லர் மேட்டர் சத்தியமா தெரியாது! ரொம்ப நன்றிங்க. எப்படிப் போறது, என் மச்சான் பைலட் லைசன்ஸ் வச்சிருக்கான், அவன் விமானத்துலயே வந்து இறங்கலாமா?

டெயில்வீல்:
சான் மார்க்கோ பக்கத்துல வப்போரெத்தோ, அதாவது வெனிஸோட படகு பஸ், ஏறினா கால் மணி நேரத்துல லீடோ, அங்கேருந்து லகூன் (வெனிஸைச் சுத்தி இருக்கிற கடற்கழி) ஓரமாவே நடந்துடலாம், வழில 14ஆம் நூற்றாண்டு யூதக் கல்லறைத் தோட்டமும் சான் நிக்கோலோ சர்ச்சும் இருக்கு, விட்டுடாதீங்க. மச்சான் தாராளமா வரலாம், ஆனா பகல்ல மட்டும், கண்ணால பாத்து ஓட்டுற விஎஃப்ஆர்தான். மார்க்கோ போலோ டிராஃபிக் பக்கத்துலயே ஓடுறதால சொன்ன ரூட், சொன்ன உயரம், அதைத் தாண்டவே கூடாது. முந்தின நாள் மழை பெஞ்சிருந்தா புல்லு எப்படி இருக்குன்னு போன் போட்டுக் கேட்டுட்டு, நோட்டாமும் (NOTAM, பைலட்டுங்களுக்கு வர்ற அறிவிப்பு) பாத்துட்டுக் கிளம்பச் சொல்லுங்க.